சிவகாசிப் பட்டாசு 80% தள்ளுபடி, முன்பணம் போடலாமா அண்ணாச்சி?

19 செப்டம்பர் 2025, இரவு 9.10 (கேள்வி, சேரன்மகாதேவித் தம்பி)

அண்ணாச்சி, இன்ஸ்டாவைத் திறந்தாலே ஒரு சிவகாசிப் பட்டாசு விளம்பரம்தான் வருகிறது. 80% தள்ளுபடி, 3,000 ரூபாய்க்குப் பெரிய பெட்டி. வாட்ஸ்அப்பில் விலைப்பட்டியல் அனுப்பினார்கள், லைசென்ஸ் போட்டோவும் வந்தது. முழுப் பணத்தையும் ஜிபேயில் போட்டுவிட்டால் லாரி செட்டில் வந்து எடுத்துக்கலாமாம். ஆபீஸில் ஒருத்தர் மூணு வருஷமாக இப்படித்தான் வாங்குகிறார். எங்க மாமாவிடம் கேட்டால், "பேராசைக்காரன்தான்டே ஏமாறுவான், உனக்கு ஆசை இல்லேன்னா பயம் எதுக்கு?" என்கிறார். போடலாமா?

19 செப்டம்பர், இரவு 10.40

போடாதீங்க தம்பி.

80% என்று போட்டிருப்பதைப் பார்த்து நான் சொல்லவில்லை. பட்டாசுப் பெட்டியில் அச்சடித்த விலையை முழுசாகக் கொடுத்து வாங்கினவரை நான் பார்த்ததில்லை, நேரில் போனாலே பாதிக்கு மேல் கழிப்பார்கள். தள்ளுபடியை வைத்து நிஜக்கடையா போலிக்கடையா என்று கண்டுபிடிக்கவே முடியாது. முழுப் பணமும் முன்னாடியே என்கிறானே, அங்கேதான் எனக்கு இடிக்கிறது. இன்னொன்று, பட்டாசை ஆன்லைனில் விற்கக்கூடாது என்று சுப்ரீம் கோர்ட் 2018 அக்டோபர் 23ஆம் தேதியே சொல்லிவிட்டது. பொருள் வராமல் போனால் "ஆன்லைனில் பட்டாசு வாங்கினேன்" என்று புகார் கொடுக்க உங்களுக்கே நாக்கு எழாது. திருடனுக்கு அதைவிடத் தோதான சரக்கு வேறென்ன இருக்கு?

20 செப்டம்பர், காலை 7.05

ராத்திரி எழுதியதில் ஒன்றைச் சேர்க்கணும். உங்கள் ஆபீஸ்காரருக்கு மூணு வருஷமாக வந்தது பொய்யாக இருக்காது. நிஜக் கடைக்காரர்களே வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுக்கிறார்கள், தடை தடைபாட்டுக்கு இருக்கிறது. அதனால்தான் இந்த ஏமாற்று ஓடுகிறது. நிஜக் கடையின் விலைப்பட்டியலை அப்படியே எடுத்துப் போன் நம்பரை மட்டும் மாற்றிச் சுற்றில் விடுகிறான். லைசென்ஸ் போட்டோ நிஜமாகவே இருக்கும், அது அவனுடையது இல்லை, அவ்வளவுதான்.

வேணும் என்றால் கோவில்பட்டி, சாத்தூர் பக்கம் காரில் போய்ப் பார்த்து வாங்குங்க. ரயிலில் மட்டும் ஏற்றிக்கொண்டு வந்துவிடாதீங்க, ரயில்வே சட்டம் 164ஆம் பிரிவில் மூணு வருஷம் வரை உள்ளே வைக்கலாம். ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய்ப் பாளையங்கோட்டையில் தங்க வேண்டாம். (வெளியூர்க்காரர்களுக்கு: எங்க ஊர் ஜெயில் பாளையங்கோட்டையில்தான்.)

20 செப்டம்பர், மதியம் 3.30

உங்க மாமா சொன்னது காலையிலிருந்து மனசில் அரித்துக்கொண்டே இருக்கிறது. பேராசைக்காரன்தான் ஏமாறுவானாம். நான் பாளையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறவன், ஏமாந்தவன். ஆசைப்பட்டு ஏமாறவில்லை.

போன வருஷம் தீபாவளிக்குப் பத்து நாள் முன்னாடி வீட்டுக்காரிக்கு ஆன்லைனில் ஒரு சேலை போட்டிருந்தேன். கடையில் அன்றைக்கு ஆறு பேர் நிற்கிறார்கள், ஒரு பையன் ஹால் டிக்கெட்டுக்கு அழாத குறை. அந்த நேரம் பார்த்து ஒரு போன், "சார், பார்சல் வந்திருக்கு, அட்ரஸில் கதவு எண் இல்லை, லிங்க் அனுப்புறேன், சரி பண்ணி அஞ்சு ரூபாய் கட்டிடுங்க, இல்லேன்னா திருப்பி அனுப்பிடுவோம்". சேலை நிஜமாகவே வரவேண்டியிருந்தது, அட்ரஸில் கதவு எண் போட்டேனா என்பதும் ஞாபகம் இல்லை. அஞ்சு ரூபாய்க்கு யார் யோசிப்பார்கள்? கார்டு நம்பர் போட்டேன், ஓடிபி வந்தது. இப்போதெல்லாம் ஓடிபி மெசேஜைத் திறக்கவே வேண்டாம், கீபோர்டு மேலேயே அந்த ஆறு எண்ணும் வந்து நிற்கும், ஒரு தட்டு தட்டினால் போய்விடும். தட்டினேன். 18,400 ரூபாய்.

சாயங்காலம் அந்த மெசேஜைத் திறந்து பார்த்தேன். "ரூ.18,400க்கான ஓடிபி, யாரிடமும் பகிர வேண்டாம்" என்று தெளிவாக எழுதியிருக்கிறது. பாங்க்காரன் என்னிடம் தொகையோடு சொல்லித்தான் இருக்கிறான், எனக்குத்தான் வாசிக்க நேரம் இல்லை. ஆறு பேரைக் காக்க வைக்கிறோமே என்ற கூச்சம். இதில் பேராசை எங்கே இருக்கிறது என்று மாமாவிடம் கேட்டுச் சொல்லுங்க.

20 செப்டம்பர், மதியம் 3.50

சேலை நாலு நாள் கழித்து வந்தது. கதவு எண் சரியாகவே போட்டிருந்தேன்.

21 செப்டம்பர், இரவு 8.15

அப்புறம் என்ன செய்தீங்க என்று கேட்டிருக்கிறீங்க. ரெண்டு நாள் ஒன்றும் செய்யவில்லை. வீட்டில் சொல்ல வெட்கம். தினமும் நாலு பேருக்கு "ஓடிபி யாருக்கும் சொல்லாதீங்க" என்று பாடம் எடுக்கிறவன் எந்த மூஞ்சியோடு சொல்வது? மூணாம் நாள்தான் 1930க்கு, சைபர் மோசடிக்குப் புகார் சொல்கிற போலீஸ் எண், அடித்தேன். போலீஸில் அந்தத் தம்பி கேட்ட முதல் கேள்வி, "எத்தனை மணிக்குப் போச்சு?". ரெண்டு நாள் ஆச்சு என்றதும் ஒரு மூச்சு விட்டார் பாருங்க, இன்னும் காதில் இருக்கிறது. உடனே சொன்னால் பணம் எந்தக் கணக்கில் போய் உட்கார்ந்திருக்கிறதோ அங்கேயே நிறுத்தி வைக்கப் பார்ப்பார்கள். அவன் அதை அடுத்த கணக்குக்கும் அதற்கடுத்த கணக்குக்கும் தள்ளிவிட்டு ஏடிஎம்மில் எடுத்துவிட்டால் போச்சு.

நீங்களும் எழுதி ஒட்டிக்கொள்ளுங்க. 1930, ராத்திரி பகல் எந்நேரமும். இல்லாவிட்டால் சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன். ரிசர்வ் பாங்க் 2017லேயே விதி போட்டிருக்கிறது, மூணு வேலை நாளுக்குள் பாங்கில் சொல்லிவிட்டால் பணத்தைத் திருப்பிக் கொடுக்கணும்.

22 செப்டம்பர், காலை 6.50

மேலே கடைசி வரி தப்பு. பாங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற எங்க மைனி வாசித்துவிட்டுப் போனிலேயே ஏசினாள், "அரைகுறையா எழுதி ஊரைக் கெடுக்காதீங்க". விதி இப்படி: பாங்க் பக்கம் கோளாறு என்றால் எப்போது சொன்னாலும் உங்களுக்கு நஷ்டம் இல்லை. உங்கள் தப்பும் இல்லை பாங்க் தப்பும் இல்லை, நடுவில் எவனோ புகுந்துவிட்டான் என்றால்தான் மூணு வேலை நாள் கணக்கு. அதற்குள் சொன்னால் உங்களுக்கு நஷ்டம் இல்லை. நாலிலிருந்து ஏழு வேலை நாள் என்றால் உங்கள் தலையில் விழுவதற்கு ஒரு வரம்பு உண்டு, சாதாரண சேமிப்புக் கணக்குக்கு 10,000. அதற்கும் மேலே போனால் அந்தந்த பாங்கின் கொள்கை. ஆனால் ஓடிபியை நீங்களே கொடுத்தீர்கள் என்றால் சொல்லும் நிமிஷம் வரை போனது உங்கள் பணம். சொன்ன பிறகு போனால்தான் பாங்க் பொறுப்பு.

என் 18,400 அப்படித்தான் போயிற்று. மைனி "நீரே தானே தட்டினீரு" என்றாள். தட்டினது நான்தானே.

22 செப்டம்பர், இரவு 9.00

இன்றிலிருந்து ஜிஎஸ்டி குறைந்தது. சாயங்காலத்துக்குள் "ஜிஎஸ்டி குறைப்பு, செல்போன் பாதி விலை" என்று நாலு பேர் லிங்க் அனுப்பிவிட்டார்கள். பெரிய டிவிக்கு 28லிருந்து 18 ஆனது நிஜம். செல்போனுக்கு முன்னாடியும் 18, இப்போதும் 18. கண்டிப்பாகப் போலி.

27 செப்டம்பர், இரவு 11.20

இதை எழுதலாமா வேண்டாமா என்று ரெண்டு நாளாக யோசனை. எழுதிவிடுகிறேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் கடை பக்கத்து டீக்கடையில் வாழைக்காய் பஜ்ஜி. பேப்பரில் வைத்துக் கொடுத்தார். எண்ணெய் ஊறினால் பேப்பர் கண்ணாடி மாதிரி ஆகிவிடும் இல்லையா, மறுபக்கத்தில் இருப்பது தலைகீழாகத் தெரிகிறது. ஒரு பொம்பளையின் போட்டோ. பஜ்ஜியைத் தள்ளிவிட்டுத் திருப்பினேன். ஆதார் நகல். பன்னிரண்டு எண்ணும் இருக்கிறது, பிறந்த தேதி இருக்கிறது, கீழே நீல மையில் கையெழுத்துக்கூட இருக்கிறது. எவன் இப்படிப் பொறுப்பில்லாமல் போட்டான் என்று டீக்கடைக்காரரிடம் சத்தம் போட வாயைத் திறந்தேன். அப்போதுதான் அந்தக் கோட்டைப் பார்த்தேன்.

என் மெஷின் டிரம்மில் ரெண்டு மாசமாக ஒரு கீறல். எந்த நகல் எடுத்தாலும் வலது ஓரத்தில் மேலிருந்து கீழே தலைமயிர் மாதிரி ஒரு கறுப்புக் கோடு விழும். தீபாவளி முடிந்து மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன். பஜ்ஜி பேப்பரில் அதே கோடு, அதே இடத்தில்.

சாய்வாக விழுந்தது, மங்கலாக வந்தது, ஒரு காப்பி கூடப் போட்டுவிட்டது என்று கழிவதையெல்லாம் மேஜைக்கு அடியில் அட்டைப்பெட்டியில் போடுவேன். பெட்டி நிறைந்ததும் பழைய பேப்பர்க்காரர் எடைக்கு எடுத்துப் போவார். எத்தனை வருஷமாக? கடை ஆரம்பித்ததிலிருந்து. ஆதார், பான், பாங்க் பாஸ்புக் முதல் பக்கம், எல்லாம் கிலோக் கணக்கில். பார்சல்காரனைத் திட்டி மேலே இவ்வளவு எழுதியிருக்கிறேனே, அவனுக்குச் சரக்கு சப்ளை பண்ணுகிறவனே நான்தான் போலிருக்கிறது.

பேப்பரை மடித்து எடுத்து வந்துவிட்டேன். இப்போது கழிந்த நகல் எல்லாம் ஒரு சாக்கில் வீட்டுக்கு வருகிறது, அம்மை வெந்நீர் அடுப்புக்கு வைக்கிறாள். "யாரு படமெல்லாமோ எரியுதுல, பாவம் பிடிக்கும்" என்று முதல் நாள் கைவைக்க மாட்டேன் என்றாள்.

28 செப்டம்பர், காலை 10.00

ஆதார் நகல் கொடுக்காமல் எப்படி அண்ணாச்சி காலம் தள்ளுவது என்று கேட்டீங்க. கொடுக்கலாம், முழுசாக வேண்டாம். ஆதார் தளத்திலேயே மறைத்த ஆதார் என்று ஒன்று இறக்கிக்கொள்ளலாம், முதல் எட்டு எண் மறைந்திருக்கும், கடைசி நாலுதான் தெரியும். லாட்ஜில், கூரியரில் எல்லாம் இதுவே போதும். முழு நகல்தான் வேணும் என்று அடம் பிடித்தால் படத்தின் மேலேயே குறுக்காக "சிம் வாங்க மட்டும்" என்று தேதியோடு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. ஓரத்தில் எழுதினால் வெட்டிவிடுவான். ரேகையைப் பூட்டி வைக்கிற வசதியும் அங்கேயே இருக்கிறது, வேணும்போது திறந்துக்கலாம். ஆதார் எண்ணும் ரேகையும் வைத்தே கணக்கிலிருந்து பணம் எடுக்கிற மெஷின் ஊருக்குள் சுற்றுகிறதால் கட்டாயம் பூட்டுங்க.

உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம். ஒருத்தர் பெயரில் 9 வரை அனுமதி, திருடனுக்கு அதுதான் தைரியம். என் பெயரில் நாலு காட்டியது. நான் வைத்திருப்பது ரெண்டு. நெஞ்சு படபடத்துவிட்டது.

28 செப்டம்பர், மதியம் 1.15

ஒன்று மச்சானுடையது, 2019ல் நான்தான் வாங்கிக் கொடுத்தேனாம். நாலாவது இன்னும் தெரியவில்லை. "இது என் எண் அல்ல" என்று அங்கேயே ஒரு பொத்தான் இருக்கிறது, அழுத்திவிட்டேன்.

28 செப்டம்பர், இரவு 7.40

நாலாவது அம்மையுடையது. போன் செத்துவிட்டது என்று பெட்டிக்குள்ளிருந்து எடுத்துக்கொண்டு வந்து நிற்கிறாள். கோட்டிக்காரப் பய நான்.

1 அக்டோபர், காலை 9.30

இன்றிலிருந்து யுபிஐயில் ஆள் ஆளிடம் "பணம் அனுப்பு" என்று கோரிக்கை விடுகிற வசதியை எடுத்துவிட்டார்கள். கடைகள் கேட்பது அப்படியே இருக்கும். "உங்க பழைய கட்டிலை வாங்கிக்கிறேன், பின் நம்பர் போடுங்க, பணம் வந்துரும்" என்ற கூட்டத்துக்கு ஒரு வாசல் அடைத்தாயிற்று. இனிமேல் க்யூஆர் அனுப்பி ஸ்கேன் பண்ணச் சொல்வான். பணம் வாங்கப் பின் நம்பரும் வேண்டாம், ஸ்கேனும் வேண்டாம். பின் கேட்டால் பணம் போகிறது என்று அர்த்தம்.

5 அக்டோபர், இரவு 10.10

வெளியூர் நண்பர் ஒருத்தர் எழுதியிருக்கிறார், "திருநெல்வேலிக்காரரே, உங்களுக்கே அல்வா கொடுத்துட்டானா?" ஒரு வருஷமாக இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அல்வா கொடுப்பது என்றால் ஏமாற்றுவது என்று தமிழ்நாடு முழுக்கப் பேசுவது எங்க ஊருக்குப் பெரிய மானக்கேடு. நாங்கள் கொடுக்கிற அல்வா கையில் வைத்தால் வழுக்கி ஓடும், நெய் மணிக்கட்டு வரை வரும். கேட்டதைத் தராமல் விட்டதற்கு இந்தப் பெயரை வைத்தவன் எவனோ, அவன் எங்க ஊரில் அல்வா தின்றவனாக இருக்க மாட்டான்.

6 அக்டோபர், இரவு 9.25

எல்லாம் போனில்தான் என்று நினைக்க வேண்டாம். முக்கூடல் பக்கம் எங்க பெரியம்மை, பீடி சுற்றுகிறவள். தெருவில் ஒருத்தி தீபாவளிச் சீட்டு பிடித்தாள், வாரம் நூறு ரூபாய், கடைசியில் எண்ணெய், இனிப்பு, ஒரு பாத்திரம். பதிவு கிதிவு ஒன்றும் கிடையாது. "பரிசு நோட்டில் ஏத்தணும்" என்று ஆதார் நகல், பான் நகல், ஒரு சின்ன மெஷினில் ரேகை எல்லாம் வாங்கியிருக்கிறாள். பாத்திரம் சொன்னபடி வந்தது! அதனால் யாருக்கும் சந்தேகமே இல்லை. எட்டு மாசம் கழித்துப் பேத்தி படிப்புக்குக் கடன் கேட்டு பாங்குக்குப் போனால், "உங்க பேர்ல ஏற்கெனவே 30,000 பாக்கி நிக்குதே" என்கிறார்கள். நாங்கள்தான் அதை ஒரு குழுக்கடன் என்று துருவிக் கண்டுபிடித்தோம்.

வருஷத்துக்கு ஒரு தடவை கடன் அறிக்கையை, நம் பெயரில் என்னென்ன கடன் இருக்கிறது என்ற பட்டியலை, இலவசமாகவே எடுக்கலாம், 2017லிருந்து இருக்கிறது. நாங்கள் யாரும் எடுத்ததே இல்லை. அதிலேயே "இது என் கடன் இல்லை" என்று ஆட்சேபம் போட்டோம், போலீஸ் புகார் நகலோடு. முப்பது நாளில் தீர்க்காவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் நமக்குத் தரணும் என்று ரிசர்வ் பாங்க் விதி இருக்கிறது. இருபத்தேழாம் நாள் நீக்கினார்கள். அந்தப் பாத்திரத்தில் பெரியம்மை இன்னும் குழம்பு வைக்கிறாள். தூக்கிப் போடச் சொன்னால், "பாத்திரம் என்னடே பண்ணிச்சு?"

12 அக்டோபர், இரவு 10.45

இன்று டவுனில் ஜவுளி. ரத வீதியில் கால் வைக்க இடம் இல்லை. பில் போடுகிற இடத்தில் அந்தப் பிள்ளை தலையைத் தூக்காமல் "போன் நம்பர்" என்றது. வேண்டாம் என்றேன். "நம்பர் இல்லாம பில் வராது சார்". கடைக்காரர்கள் நம்பரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 2023லேயே மத்திய நுகர்வோர் துறை சொல்லியிருக்கிறது, அதை அந்தப் பிள்ளைக்கு விளக்கலாம் என்று நினைத்தேன். பின்னால் பதினஞ்சு பேர், வீட்டுக்காரி முழங்கையால் இடிக்கிறாள். ஒரு குழந்தை அழுகிறது. அதே பழைய கூச்சம் வந்துவிட்டது பாருங்க. மச்சான் நம்பரைச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

13 அக்டோபர், காலை 8.00

அது நியாயம் இல்லை என்று மூணு பேர் எழுதிவிட்டீர்கள். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மச்சானுக்கு என் பெயரில் ஓடுகிற சிம் அது.

16 அக்டோபர், மதியம் 2.20

கடையில் ஒரு பையன், 340 ரூபாய்க்குக் கலர் பிரிண்ட். போனை நீட்டுகிறான், பச்சை டிக் தெரிகிறது. பணம் வந்தால் சத்தமாகச் சொல்கிற பெட்டி பேசவில்லை. "நெட் ஸ்லோ அண்ணாச்சி". சரி, வரட்டும், உட்காருப்பா என்று ஸ்டூலைப் போட்டேன். ஐந்து நிமிஷம் உட்கார்ந்தான், அப்புறம் சட்டைப் பையிலிருந்து ரொக்கமாக எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனான்.

25 அக்டோபர், இரவு 11.00

சேரன்மகாதேவித் தம்பி, நீங்கள் பட்டாசை நேரில் வாங்கியது சந்தோஷம். இதை எழுதச் சொன்னது உங்கள் மாமாதான், அதனால் எழுதுகிறேன்.

இன்று சாயங்காலம் ஆறரைக்கு ஒருத்தர் கடைக்கு வந்து ஓரமாக நின்றார். என்ன வேணும் என்றால், "இவங்களை முதல்ல பாரும்" என்று மற்றவர்களைக் காட்டினார். நாலு பேர் போகும் வரை நின்றார். கடை காலியானதும் போனை மேஜையில் வைத்தார். வண்டிக்கு 500 ரூபாய் அபராதம் என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி, கூடவே செலான் என்ற பெயரில் ஒரு ஃபைல், பெயர் முடிவில் ஏபிகே, அதாவது திறந்தால் போனில் ஆப்பை ஏற்றிவிடுகிற ஃபைல். அனுப்பியது இருபது வருஷ சிநேகிதர் நம்பர், அவருடைய போன் முதலிலேயே போயிருக்கிறது. இவர் ஆயுசில் அபராதம் கட்டாதவர். பயந்துபோய்த் திறந்துவிட்டார். ரெண்டு தடவையாக 49,000.

"எப்போ?" என்றேன். மத்தியானம் மூணு மணிக்கு. மூணரை மணி நேரமாக இதைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறி வந்திருக்கிறார், வீட்டில் யாருக்கும் தெரியாமல். அவர் போனில் சிம்மைக் கழற்றினேன், நெட்டை அணைத்தேன். பாங்குக்கு என் போனிலிருந்து சொல்லிக் கணக்கை நிறுத்தினோம். அப்புறம் 1930. ஸ்பீக்கரில் போட்டு அவர் கையில் கொடுத்தேன். எதிர்முனையில் ஒரு பெண், பரிமாற்ற எண் கேட்டார், பன்னிரண்டு இலக்கம். பாங்கிலிருந்து கேட்டு ஒரு தாளில் குறித்திருந்தோம். மெஷின் ஒரு புத்தகத்துக்கு நகல் போட்டுக்கொண்டிருந்தது, சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை, நிறுத்தினேன். மாமா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு ஒவ்வொரு எண்ணாக வாசித்தார். ஏழாவது எண்ணில் நின்று, "ஏம்மா, இது ஆசைப்பட்டுப் போனதில்லை, அதையும் எழுதிக்கோ" என்றார்.

26 அக்டோபர், மதியம் 12.10

31,000 எங்கேயோ ஒரு கணக்கில் நிறுத்தியிருக்கிறார்களாம், இன்று காலை மெசேஜ் வந்தது. மீதி தெரியவில்லை. அந்தத் தாள் மேஜையில்தான் கிடந்தது, கிழித்து அம்மையின் சாக்கில் போட்டுவிட்டேன்.